பீட்டர் தேடிய வான்கோழி

ஈஸ்டர் ஞாயிறன்று பேத்திக்கு ஞானஸ்நானம். விருந்துக்கு வான்கோழி பிரியாணி என்று சம்பந்தி அன்புராஜிடம் போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார் பீட்டர். மறுநாள் போய்ப் பார்த்தால் மரத்தில் கோழியைக் காணோம்.

தேர்வாய் கண்டிகையில் கம்பெனி ஆட்களை ஏற்றியிறக்கும் வேன் ஓட்டுவது பீட்டரின் வேலை. வான்கோழி ஆசைக்கு. வளர்ப்பு என்று பேர்தான்; கூண்டில் ஒருநாளும் அடையாது. தைலமரத் தோப்பில் மேய்ந்து, பொழுது சாய்ந்தால் மரமேறிவிடும். மார்கழி வாடைக்கு கம்பெனிச் சுவரை ஒட்டிய புளியமரத்தில், காற்று படாத பக்கமாக ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்காரும். அந்த மரத்தை நம்பித்தான் வாக்குக் கொடுத்தார். பங்குனி பிறந்ததும் பெட்டைகள் முட்டையிடப் புதர் தேடிப் போய்விட்டன. சேவல் எங்கே போனதென்று தெரியவில்லை.

“நைனா, மாமனாரு போன் பண்ணாரு,” என்றாள் மகள் ரம்யா. “உங்கப்பா கோழி பறந்துடுச்சாமே, நான் பிராய்லர் வாங்கினு வர்ட்டுமான்னு கேக்குறாரு.”

பீட்டருக்குச் சுருக்கென்றது.

அன்றிலிருந்து தினமும் டிரிப் முடிந்ததும் மரம் மரமாக அலைந்தார். அடியில் எச்சம் கிடக்கிறதா, இறகு கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தார். எந்தப் பெரிய சத்தம் கேட்டாலும் சேவல் பதிலுக்குக் கத்தும். அதனால் ஷிப்ட் சைரன் ஊதும்போது டீக்கடை வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சேவல் கத்தியது. ஆனால் லாரி ஹாரனிலும் நாய்க் குரைப்பிலும் திசை பிடிபடவில்லை.

“இன்னா பீட்டரு, சைரன் ஊதுனா ஆளுங்க வேலைக்கு ஓடுவாங்க. நீ மரத்தப் பாத்துக்கினு நிக்கிற?” என்றார் டீக்கடை வீரராகவன்.

புனித வெள்ளி வந்தது. கம்பெனிக்கு லீவு. சைரனும் இல்லை, லாரியும் இல்லை. போச்சு, பிராய்லர்தான் என்று மாலையில் வாசலில் உட்கார்ந்திருந்தார். தூளியில் கிடந்த பேத்தி விழித்து வீறிட்டாள்.

ஏரிப் பக்கமிருந்து களகளவென்று ஒரு பதில்.

பீட்டர் துள்ளி எழுந்தார். “ரம்யா, தூக்காத! கொஞ்சம் அழ வுடு!”

“யோவ், பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு?” மனைவி ஸ்டெல்லா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். “கொழந்த பசியில அழுவுது!”

“ஒரே ஒரு வாட்டிடி. அப்புறம் நானே தூக்கிக்கினு ஆட்டுறேன்.”

சண்டையைப் பார்த்துப் பேத்தி இன்னும் ஓங்கி அழுதாள். சேவலும் ஓங்கிக் கத்தியது. ஏரிக்கரை ஆலமரம்! கடற்காற்று முதலில் வந்து தொடும் மரம். வெயில் காலத்துக்கு வேறெங்கே போய் உட்காரும்? இது தோன்றாமல் இத்தனை நாள் அலைந்தோமே என்று தலையில் தட்டிக்கொண்டார்.

போய்ப் பார்த்தால் மரத்தடியில் ஈரம் காயாத எச்சம், ஒரு வால் இறகு. இருட்டுக் கட்டும்வரை காத்திருந்து சாக்கோடு மேலே ஏறினார். இருட்டில் சேவலுக்குக் கண் தெரியாது. ரெண்டு கீறலோடு ஆள் இறங்கினார், சாக்குக்குள் சேவலும் இறங்கியது.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா!” என்றாள் ஸ்டெல்லா.

“புடிக்கலாம். அறுக்கத்தான் கூடாது.”

ஞாயிறு விருந்தில் அன்புராஜ் மூன்றாவது தடவை தட்டை நீட்டினார். “கெட்டிக் கறி, சம்மந்தி. எப்பிடிப் புடிச்சீங்க?”

“நான் எங்க புடிச்சேன்? உங்க பேத்திதான் புடிச்சா,” என்று நடந்ததைச் சொன்னார் பீட்டர்.

அன்புராஜ் கை கழுவிவிட்டு வந்து குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “எங்க ராஜாத்தி, இன்னொரு வாட்டி அழு. பெட்டைங்க எங்க கீதுன்னு பாப்போம்.”