இருநூற்றுப் பன்னிரண்டாம் கலவை

சுரியாத்தி பதினோரு வருடமாகக் கரைப்பான்களைக் கையால் தொடாமலே கலந்துவந்தவள். மலேசியாவின் ஸ்ரீ இஸ்கந்தர் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகள் ஹஸ்னாவின் பாடு. சுரியின் பாடு கணினி. எந்த இரண்டு பொடிகளைச் சேர்த்தால் இளகித் திரவமாகும் என்று அது மூலக்கூறு மூலக்கூறாகக் கணக்குப் போட்டுச் சொல்லும். செம்பனை நாரில் மிஞ்சும் எண்ணெயைப் பிரிக்க, நஞ்சில்லாத ஒரு கரைப்பான் வேண்டும். அவள் கணித்ததில் ஒரு கலவையாவது ஜூன் முடிவதற்குள் குடுவையில் தெளியாவிட்டால் அவளுடைய வேலை ஒப்பந்தம் நீளாது என்று ஆய்வகத் தலைவர் டாக்டர் ஃபட்லான் சொல்லிவிட்டார்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது கலவையைக் கண்டதும் சுரிக்கு உட்கார முடியவில்லை. மெந்தாலும், தேங்காயெண்ணெயிலிருந்து எடுக்கும் ஓர் அமிலமும். எண்கள் அவ்வளவு அழகாக விழுந்திருந்தன.

மறுநாள் ஹஸ்னா உதட்டைப் பிதுக்கினாள். "செரி மூக்காதான், தங்கச்சி."

அடியில் சோறும் மேலே பச்சைப் பாகுமாக இரண்டடுக்காய் நிற்கும் பலகாரம் அது. குடுவையில் கட்டி அடியில் தங்கிவிட்டால் அதற்கும் ஆய்வகத்தில் அதே பெயர்தான்.

"நல்லா சூடு பண்ணீங்களா, கக்?" ஹஸ்னாவை அவள் மலாயில் அக்கா என்று அழைப்பது அப்படித்தான்.

"மூணு தடவை. உன் கம்ப்யூட்டருக்கு மூக்கும் இல்ல, கையும் இல்ல. அது சொல்றத நம்பிட்டு உக்காந்திருக்க. வா, சாப்பிடலாம்."

ஒன்பது வருடமாக ஒரே பொட்டலத்து நாசி லெமாக் சோற்றைப் பிரித்துத் தின்றவர்கள். சுரி தன் கக்கைச் சந்தேகப்படவில்லை, தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். மூன்று வாரம் கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். தவறு அகப்படவில்லை. கடைசியில், மெந்தால் வகைக்குத் தன் கணிப்புமுறை பொருந்தாது என்று டாக்டருக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டாள். பக்கத்தில் நின்று வாசகத்தைத் திருத்திக் கொடுத்தவள் ஹஸ்னா.

ஜூன் கடைசி நாள், சுரியை வழியனுப்ப ஹஸ்னா ஒரு தட்டு நிறைய செரி மூக்கா செய்து கொண்டுவந்தாள். சுரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் தலைத்துணியில் மெந்தால் குப்பென்று அடித்தது.

"என்ன கக் வாடை?"

"தலைவலிடி. தைலம் தேச்சேன்."

ஹஸ்னாவின் தைலத்தில் கிராம்பு வாடையும் வரும். இதில் வரவில்லை. சுரி நேரே போய் அவள் மேசைக்கடியில் இருந்த அலமாரியைத் திறந்தாள். ஒரு பழுப்புப் புட்டி. 212 என்ற எண்ணை அடித்துவிட்டு, மேலே ஹஸ்னாவின் பெயர். தேதி ஆறு வாரத்துக்கு முந்தியது. மூடியைத் திறந்து சன்னல் பக்கம் சாய்த்தாள். அடியில் ஒரு துகள் இல்லை.

"தெளிஞ்சிருக்கே, கக்."

ஹஸ்னாவின் அழுகை நின்றது. "ஒரு ஆளுக்குத்தான் எடம்னாங்க. நீ சின்னவ, எங்க போனாலும் பொழைச்சுக்குவ. எனக்கு அம்பத்திமூணு."

"அதுக்கு? 'பொருந்தாது'ங்கிற வார்த்தையே நீங்க போட்டதுதானே?"

ஹஸ்னா பலகாரத்தின் மேல் துணியை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மேசையில் சுரி புட்டியை வைத்தாள். "இது நான் கணிச்சது. கம்ப்யூட்டர்ல தேதி இருக்கு, பாருங்க."

"இருக்கு சுரி." அவர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "அதுக்கப்புறம் தேதி போட்டு, தப்புன்னு நீங்களே எழுதினதும் இருக்கு. ஹஸ்னா தற்செயலா கண்டுபிடிச்சதா போன வாரமே பதிவாயிடுச்சு."

கையெழுத்து அவளுடையதுதான்.

வெளியே வந்தபோது ஹஸ்னா தட்டை நீட்டினாள். "ஒண்ணாவது எடுத்துக்கோடி."

கை நீட்டப்போன சுரி நின்றாள். விரலெல்லாம் மெந்தால். புட்டியைச் சாய்த்தபோது வழிந்திருக்கும். பதினோரு வருடத்தில் அவள் கலந்தது அவள் கையில் பட்டது அன்றைக்குத்தான்.