எட்டு விரற்கடைச் செம்பு

அறுபதுகளின் கடைசியில், திருச்சுழிக்குப் போகும் சாலையை ஒட்டிய எங்கள் ஊர்ப் பொட்டலில் ஒரு நிழல் கடிகாரம் எழுந்தது. மூன்று தெருக்காரர்கள் சேர்ந்து கட்டியது. ஒருகாலத்தில் மாடு கட்டி இறைத்து, பிறகு பாழ்பட்ட கமலைக் கிணற்றிலிருந்து பெயர்த்து வந்த ஆறடிக் கல்தூண் நடுவில் நின்றது. அதைச் சுற்றிச் சுண்ணாம்புத் தளம், தளத்தில் மணிக்கோடுகள், வெளிவட்டத்தில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு மரக்கன்றுகள். சூரியன் வடக்கே திரும்பும் நாளைக் குறிப்பதற்கென்று ஓர் எல்லைக்கல்லும் தயாரானது. அதில் 'தை முதல் நாள்' என்று வெட்டியிருந்தார்கள்.

யோசனை என் அக்காவின் கணவருடையது. அத்தான் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் கேட்டதும் கல் கிடைத்தது, ஆள் கிடைத்தது. தண்ணீர் மட்டும் கிடைக்கவில்லை. பங்குனியிலும் சித்திரையிலும் ஊறக்கூடிய கிணறு ஒன்றே ஒன்றுதான், தறிக்காரத் தெருவில் இருந்தது. அதன் உரிமைக்கார அம்மாள் நான்கு தறிகளை ஓட்டியவர்; பேச்சில் சிக்கனம் அறியாதவர்.

"குடிக்கிற தண்ணியக் குச்சிக்கு ஊத்தச் சொல்றீகளா? நீங்க சொன்ன நாள்ல, சொன்ன கல்ல அந்த நெழலு தொடட்டும். அன்னைக்கே தண்ணி தாரேன். தொடலேன்னா கன்னுகள ஆட்டுக்குப் போடுங்க. அதுகளாவது பசியாறும்."

ஊர்க்கூட்டத்தின் நடுவில் அத்தான் இதற்கு ஒப்புக்கொண்டார்.

நான் அப்போது மதுரையில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். மார்கழி விடுமுறைக்கு வந்ததும், உச்சிப்பொழுதில் நிழலின் நுனியை நாள்தோறும் முளையடித்துக் குறிக்கும் வேலை என்னிடம் தரப்பட்டது. வெயிலில் பேசாமல் நிற்கக்கூடியவள் என்று அக்கா பரிந்துரைத்திருந்தாள்.

நிழல் வடக்கே சிறிது சிறிதாக நீண்டது. பிறகு ஏறக்குறைய ஒரு வாரம் ஒரே இடத்தில் நின்றது.

"அம்புட்டுத்தான், எல்லைக்கு வந்துருச்சு. இனி தை பொறந்தாத்தான் திரும்பும்" என்று சொல்லி, அந்த முளை இருந்த இடத்திலேயே அத்தான் கல்லை நட்டுவிட்டார். பஞ்சாங்கத்தில் உத்தராயணம் தை முதல் நாள் என்றே இருந்தது. அவரை ஐயுற எவருக்கும் காரணம் இல்லை.

நிழல் தைக்காகக் காத்திருக்கவில்லை. மார்கழி பாதியிலேயே என் முளைகள் கல்லை விட்டுத் தூணை நோக்கித் திரும்பிவிட்டன. உடனே சொல்லியிருக்கலாம். என் குறிப்பில் பிழை இருக்கக்கூடும் என்று கருதிப் பத்து நாள் பொறுத்தேன். போகிக்கு முந்தின நாள்தான் நோட்டை அத்தானிடம் காட்டினேன்.

"பொங்கலன்னைக்கு எம்புட்டுக் கொறையும்?"

"அஞ்சு வெரக்கடை" என்று ஐந்து விரல்களையும் சேர்த்து அகலம் காட்டினேன்.

கல்லைப் பெயர்த்து நட்டால் தறிக்காரத் தெரு பார்த்துவிடும். அத்தான் தூணின் உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப தூண எம்புட்டு ஒசத்தணும்? கணக்குப் போடு, பண்டிதச்சி."

போட்டேன். எட்டு விரற்கடை வந்தது. அக்காவின் சீர்ப் பாத்திரங்களில் சரியாக அந்த உயரத்தில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. பொங்கலன்று தூணுக்கு மேல் செம்பு வைத்தால் எவரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. மாவிலையும் தேங்காயும் வைத்தால் உயரம் கூடிவிடும், மஞ்சள் கொத்தைக் கழுத்தில் கட்டினால் போதும் என்று நானே சொன்னேன்.

பொங்கலன்று உச்சிப்பொழுதில் நிழல் மெல்லக் கிழக்கே நகர்ந்து வந்து கல்லைத் தொட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். எல்லைக்கல்லை இலவசமாகக் கொடுத்திருந்த பருத்தி வியாபாரி பாய் மட்டும் சிரித்தார். பள்ளிவாசலில் குச்சி நட்டு, அதன் நிழலைப் பார்த்துப் பகல் தொழுகைக்கு நேரம் சொல்பவர் அவர்.

"மாப்ளே, எங்க குச்சிக்கு நெழலு மார்கழியிலயே திரும்பிருச்சு. ஒங்க தூணுக்கு மட்டும் எப்பிடி நின்னுச்சு? அந்தச் செம்ப எறக்குங்க, பாப்பம்."

"சாமிக்கு வச்சது, மாமா."

பாய் என் பக்கம் திரும்பினார். "நோட்டுல குறிச்சவுக நீங்கதான, தாயி? செம்பு இல்லேன்னா தொடுமா?"

அத்தான் என்னைப் பார்க்கவில்லை.

"தொடாது. அஞ்சு வெரக்கடை கொறையும்" என்றேன்.

குலவையிட்ட பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கிணற்றுக்கார அம்மாள் முன்னால் வந்து, செம்பையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தூணு தொடல. ஆனா செம்பு தொட்டுருச்சு, அத நானும் கண்ணால பாத்தேன். சொன்ன சொல்லுக்குக் கன்னு ஒண்ணுக்கு நாளைக்கு ஒரு செம்புத் தண்ணி. இந்தச் செம்புதான். அதுக்கு மேல ஒரு சொட்டுக் கெடையாது."

மறுவாரம் கல்லில் இருந்த எழுத்தைக் கொத்திவிட்டு, 'மார்கழி' என்று வெட்டினார்கள். விடுமுறை முடியும்வரை அக்கா என்னோடு பேசவில்லை. அத்தான் வழக்கம்போலப் பேசினார். பண்டிதச்சி என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

சித்திரையில் மீண்டும் ஊருக்கு வந்தேன். பன்னிரண்டு கன்றுகளில் பூவரசு இரண்டு பட்டுப்போயிருந்தன. வேம்பும் புங்கையும் இலை தொங்கி நின்றன. ஒரு செம்புத் தண்ணீரை மண்ணின் வெடிப்பே குடித்துவிடும். வேர்வரை எதுவும் போகாது.

மறுநாள் காலை அக்காவோடும் அத்தானோடும் கிணற்றடிக்குப் போனேன். அத்தான் கையில் இருந்தது பழைய செம்பு அன்று. அருப்புக்கோட்டையில் புதிதாக வாங்கியது. பாதிக் குடம் பிடிக்கும்.

கிணற்றுக்கார அம்மாள் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏந் தம்பி, வெயிலுக்குச் செம்பு வீங்குமோ?"

"வளருதுக்கா" என்றார் அத்தான்.

அம்மாள் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார்.