கருடனுக்குக் கீழே: கேரி தீவில் பறந்த என் ட்ரோன்

கடந்த ஆவணியில் நாங்கள் மலேசியா போனதற்குக் காரணம் இரட்டைக் கோபுரமும் இல்லை, பத்துமலையும் இல்லை. ஒரு கலசம். என் மனைவி கவிதா அந்த நாட்டில் பிறந்தவள். அவளுடைய அக்கா வசந்தா இப்போது கிள்ளானில் இருக்கிறார். துறைமுக அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர், எதற்கும் வாயில் பதில் வைத்திருப்பவர். சகோதரிகள் பிறந்த கேரி தீவுத் தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் புதுப்பித்தபோது, கருவறைக் கோபுரத்தின் கலசம் தன் உபயம் என்று அக்கா சொல்லிவிட்டார். அப்பா பெயரைப் பொறிப்பதா, அண்ணன் பெயரையா என்று கமிட்டியில் கேட்டார்களாம். "வாங்கித் தர்றது யாரு? என் பேரைப் போடுங்க" என்றாராம்.

கும்பகோணத்திலிருந்து பெட்டியில் வந்த கலசத்தை ஸ்தபதிகள் பிரித்து, நூலும் பட்டும் சுற்றி, பூசை முடித்து அப்படியே மேலே ஏற்றிவிட்டார்கள். அக்கா தன் பெயரைக் கண்ணால் பார்க்கவே இல்லை. "பொம்பள பேர எவன் போடுவான், தலைவர் தன் பேரப் போட்டிருப்பாருன்னு எங்கண்ணன் கிண்டல் பண்றாரு தம்பி. சாரத்தப் பிரிச்சிட்டா அப்புறம் யாரு ஏறிப் பாக்கறது? உங்க பறக்கற கேமராவக் கொண்டாங்க" என்று போனில் சொன்னார். "கவலைய விடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று நான் பெரிய மனிதனைப் போல வாக்குக் கொடுத்தேன். வெளிநாட்டில் ட்ரோன் பறக்கவிடுவது என்றால் என்ன என்று அதற்குப் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன்.

முதல் பாடம் திருச்சி விமான நிலையத்திலேயே. பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி, தனித்தனி உறைகளில். புறப்படும்போதே சுங்கத்தில் ட்ரோனைக் காட்டி, இது இங்கிருந்து போகிறது என்று சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திரும்பி வரும்போது நீங்கள் அதை வெளிநாட்டில் வாங்கியதாக நினைப்பார்கள். எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. கவிதா கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அகராதியில் ட்ரோனுக்கு 'பொம்மை' என்று பெயர்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஓர் இரவு தங்கினோம். விடுதியின் மொட்டை மாடியிலிருந்து நகரம் முழுவதும் தெரிந்தது. எனக்குக் கை அரித்தது, மறைக்க மாட்டேன். பையைத் திறப்பதற்குள், அந்த ஊர் வழக்கப்படி பேச்சின் முடிவில் 'லா' போடும் காவலாளி வந்துவிட்டார்.

"அண்ணே, வேணாம் லா. போன மாசம் ஒருத்தர் பறக்க விட்டாரு. அவர விட என்னதான் அதிகமா விசாரிச்சாங்க."

பையை மூடினேன். நகர மையமும், அரசு அலுவலகங்கள் உள்ள புத்ராஜெயா பக்கமும், விமான நிலையங்களின் சுற்றுவட்டாரமும் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாத இடங்கள். நீங்களும் மாடியில் நின்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கீழே போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுங்கள்.

கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கொம்யூட்டர் ரயில், ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து கேரி தீவு முப்பது கிலோமீட்டர் இருக்கும். பேருந்தை நம்ப வேண்டாம், கார் பேசிக்கொள்ளுங்கள். எங்களுக்கு வாய்த்தவர் மணியம் அண்ணன். பையில் என்ன என்று கேட்டார். சொன்னதும் காரை மெதுவாக்கி, கண்ணாடி வழியே வானத்தைக் காட்டினார்.

"பாத்தீங்களா பாஸ், ஏரோப்ளேன் இறங்குது. உங்க சாமான் அது பக்கம் போச்சுன்னா, நாளைக்குக் காலைல நம்ம ரெண்டு பேருக்கும் பசியாற லாக்கப்லதான்."

"பெர்மிட் இருக்குண்ணே."

"இருக்கா? அப்பச் சரி, நான் பாக்க வரேன்."

பெர்மிட் இருந்தது. அது கிடைத்த கதை சுருக்கமாக: ஒன்றரை மாதம் முன்பே அந்நாட்டு விமானத் துறைக்கு விண்ணப்பித்தேன். கோயில் கமிட்டியின் கடிதமும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதமும் கேட்டார்கள். இரண்டையும் அக்கா நேரில் போய் நின்று வாங்கினார். நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. பகலில் மட்டும், குறிப்பிட்ட உயரத்துக்குள், ட்ரோன் என் கண் பார்வையை விட்டுப் போகாமல் பறக்க வேண்டும். வானத்தைக் கவனிக்க இன்னொரு ஆள் உடனிருக்க வேண்டும். கூட்டத்தின் தலைக்கு மேல் போகவே கூடாது. விமானம் எதுவும் தென்பட்டால் உடனே இறங்கி வழிவிட வேண்டும்.

கூட்டம் முழுக்கக் கோயிலின் முன்பக்கம்தான் நிற்கும். ஆகவே எனக்கு மிச்சம் பின்பக்கம், செம்பனை எனும் எண்ணெய்ப்பனை மரங்களுக்கு நடுவே லோரி திரும்பும் ஒரு வெட்டவெளி. கலசத்தின் முதுகைப் பார்க்கவா கடல் தாண்டி வந்தேன் என்று அலுத்துக்கொண்டேன்.

குடமுழுக்கு விழாவன்று விடியற்காலையில் போய்ச் சேர்ந்தோம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி வந்த அக்கா, "பசியாறிட்டீங்களா?" என்ற கையோடு என்னைத் தலைவரிடம் கூட்டிப் போனார். கோயில் தலைவர் அறுபதைத் தாண்டிய ஆள், குரலுக்கு மைக் தேவையில்லை. பெர்மிட்டை நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"அது கவர்மெண்ட் ரூல். எங்க ரூல் ஒண்ணு இருக்கு. கருடன் வந்து சுத்துனாத்தான் பச்சைக்கொடி ஆட்டுவோம், கொடி ஆட்டுனாத்தான் மேல தண்ணி ஊத்துவாங்க. உங்க மெஷின் சத்தத்துல கருடன் வராமப் போனா, இவ்வளவு சனத்துக்கும் யாரு பதில் சொல்றது?"

அக்கா என்னைப் பார்க்காமல் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் துணிந்து சொன்னேன்: "சார், விமானம் வந்தா நான் இறங்கணும்னு இதுல எழுதியிருக்கு. கருடன் வந்தாலும் இறங்கிடறேன். அவர் போற வரைக்கும் தரையில வச்சிருக்கேன்."

தலைவர் தாடையைச் சொறிந்தார். "அவருக்குக் கீழதான் இருக்கணும்."

"கீழதான் சார்."

"அப்ப போலே, போங்க" என்று மலாயில் சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டார்.

வெட்டவெளியில் விரிப்பைப் போட்டு ட்ரோனை எழுப்பினேன். வானத்தைக் கவனிக்கும் ஆள் கவிதா. இடுப்பில் கை வைத்து அண்ணாந்து நின்றவளைப் பார்த்தால் விமானப்படையிலேயே பாதிச் சம்பளம் கொடுப்பார்கள். திரையில் கலசம் தெரிந்தது. பட்டை அவிழ்த்திருந்தார்கள், ஆனால் சந்தனம் அப்பி, நூல் சுற்றி, மாலை போட்டு, ஓர் எழுத்தும் தெரியவில்லை. மேளம் உச்சத்துக்குப் போயிற்று. சாரத்தில் குருக்கள் குடத்தோடு தயாராக நின்றார். கொடி ஆடப்போகும் நேரம்.

"வர்றாரு! பந்திங் ஊர்ப் பக்கத்துலேர்ந்து வர்றாரு, இறக்குங்க லா!" என்று கவிதா கத்தினாள்.

கொடுத்த வாக்கு வாக்குதான். இறக்கினேன். இறக்கை நின்றதும் அண்ணாந்து பார்த்தேன். செம்மண் நிற முதுகும் வெள்ளைத் தலையுமாகக் கருடன் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்பக்கத்திலிருந்து ஆயிரம் தொண்டைகள் ஒன்றாக எழுந்தன. பச்சைக்கொடி ஆடியது. மேலே தண்ணீர் சரிந்தது. என் ட்ரோன் தரையில் உட்கார்ந்திருந்தது. எந்தக் கணத்துக்காக வந்தேனோ அந்தக் கணம் என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அழுகை வராத குறை.

"போயிட்டாரு. கிளப்புங்க, கிளப்புங்க!"

கிளப்பினேன். செம்பனைத் தலைகளைத் தாண்டி, கோபுர விளிம்பைத் தாண்டி, கலச உயரத்தில் நிறுத்திக் காட்சியை நெருக்கினேன். குருக்கள் அடுத்த குடத்தைக் கவிழ்த்தார். அதுவரை ஊற்றிய நீரில் மாலை நழுவிப் போயிருந்தது. இந்தக் குடத்தில் மிச்சச் சந்தனமும் கரைந்து வழிந்தது. பொன் பளிச்சென்று வந்தது. நூல் இழைகளுக்கு நடுவே எழுத்து வந்தது. "உபயம்: வசந்தா, கிள்ளான்."

பின்பக்கத்தில்! பெயரைப் பொறித்திருந்ததே பின்பக்கத்தில்தான். விதியை மீறிக் கூட்டத்தின் மேல் பறந்திருந்தால் வழுவழுப்பான பொன்னைத்தான் படம் பிடித்திருப்பேன். கருடனுக்கு இறங்காமல் இருந்திருந்தால் முதல் குடத்தின்போது வெறும் சந்தனத்தை எடுத்துவிட்டு, பேட்டரி தீர்ந்து இறங்கியிருப்பேன். நான் போட்ட சத்தத்தில் மணியம் அண்ணன் ஓடி வந்துவிட்டார். "என்னா பாஸ், விழுந்துருச்சா?" என்றார். "கெடச்சிருச்சு!" என்று அவரைக் கட்டிக்கொண்டேன். கவிதா திரையைப் பார்த்துவிட்டு, "பொம்மை பரவால்ல" என்றாள். பதினைந்து வருடக் கல்யாண வாழ்வில் எனக்குக் கிடைத்த பெரிய விருது அது.

ட்ரோனோடு மலேசியா போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அனுமதிக்குக் குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்குங்கள். விதிகள் மாறும், ஆகவே என் பதிவை நம்பாமல் விமானத் துறையின் தளத்திலேயே சரிபாருங்கள். அனுமதியை அச்சிட்டு எடுத்துப் போங்கள், போனில் சார்ஜ் போய்விடும். தோட்டங்கள் தனியார் நிலம், எனவே நிர்வாகத்தின் சம்மதம் தனியாக வேண்டும். காலையில் பறக்கவிடுங்கள், மதியத்துக்கு மேல் மழையை நம்ப முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், பெர்மிட்டில் இல்லாத விதி ஒன்று ஒவ்வோர் ஊரிலும் இருக்கும். அதை அந்த ஊர்க்காரர்களிடம்தான் கேட்க முடியும். எரிச்சலோடுதான் நான் விதிகளுக்குப் பணிந்தேன். அவைதான் என்னைச் சரியான இடத்தில் சரியான நேரத்தில் கொண்டுபோய் நிறுத்தின.

அன்று மாலை கிள்ளான் வீட்டில் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினேன். கிண்டல் செய்த அண்ணனும் வந்திருந்தார். சந்தனம் வழிந்து பெயர் வந்த இடத்தில் அக்கா நிறுத்தச் சொன்னார். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "சரிம்மா, நான் தோத்துட்டேன்" என்றார்.

அக்கா அவரைக் கண்டுகொள்ளவில்லை. திரைக்கு அருகே போய் நின்றார். "இது எந்தப் பக்கம் தம்பி?"

பின்பக்கம் என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. யார் கண்ணிலும் படாத பக்கம் அல்லவா? சொன்னேன்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "செம்பனை வர்றதுக்கு முந்தி நம்ம அம்மா ரப்பர் பால் மரம் வெட்டுன பக்கம் லா அது. அம்மன் ஊரப் பாத்துக்கட்டும். நான் அந்தப் பக்கத்தப் பாத்துக்கறேன்."