அக்காவின் மிதிவண்டிக்கு ஒரு மோட்டார்

கல்லூரி மேடைகளில் நான் எடுத்த கட்சி தோற்றதில்லை. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், மணி அடிக்க ஒரு நொடி இருக்கும்போது கடைசிச் சொல்லைக் கொண்டுபோய் நிறுத்துவேன். இதைக் கூச்சமின்றிப் பெருமையோடுதான் சொல்கிறேன். ஆனால் நான் பேசியவற்றுள் எனக்கு மிகுந்த பெருமை தருவது, பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அம்மாவும் அக்காவும் மட்டுமே கேட்க, நடுவிலேயே கட்சி மாறிய பேச்சு.

அக்கா ஒரகடத்தில், கார்களுக்கு ஒயர் கட்டும் ஆலையில் வேலை பார்த்தாள். லைனில் கடைசி ஆளாகச் சேர்ந்து, நான்கே ஆண்டுகளில் இருபது பெண்களுக்கு லீடர் ஆனவள். கம்பெனி பஸ் எங்கள் தெருவுக்கு வராது. மெயின் ரோட்டில் விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு வந்து, அப்போதே கிளம்பிவிடும். அந்த மூன்று கிலோமீட்டரையும் அவள் மிதிவண்டியில் போவாள். தோழியின் ஸ்கூட்டரில் பின்னால் அமர்ந்து போய் விழுந்ததில் வலது கணுக்கால் முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் பெடலை மிதிக்க முடியவில்லை. நடந்தால் பஸ் போய்விடும். ஸ்கூட்டர் என்ற பேச்சையே அவள் கேட்க விரும்பவில்லை. "வேலய வுட்டுட்டு வூட்டோட இரு" என்று அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா வேலையை விடுவதாக இல்லை. மிதிவண்டியிலேயே மோட்டார் பூட்டுகிற கிட் கிடைக்கிறதாமே, விசாரி என்று என்னை அனுப்பினாள்.

பிரௌசிங் சென்டரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று, வெளிமாநிலத்திலிருந்து பார்சலில் வருவது. மற்றொன்று, பூந்தமல்லியில் ஒரு சிறிய கடைக்காரர் பூட்டித் தருவது. விலை கிட்டத்தட்ட இரு மடங்கு. அன்று மாலையே கூடத்தில் நின்று, மலிவான கிட்டுக்காக வாதாடினேன். அதே மோட்டார், அதே பேட்டரி, அதே வேகம். எதற்காக இரு மடங்கு என்று மூன்று முறை, மூன்று குரலில் கேட்டேன். அம்மா கிட்டத்தட்டக் கைதட்டிவிட்டாள்.

அக்கா காலை முக்காலியில் நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டியா? எங்க லைன்ல தலைக்கு மேல ஒரு கயிறு தொங்கும். வேலை சிக்கிக்கினா இழுப்போம். செவப்பு லைட்டு எரியும், சூப்பர்வைசர் ஓடியாருவாரு. நீ இம்மா நேரம் பேசினியே, அந்த கிட்டுக்குக் கயிறு எங்கடா கீது?"

"ஒரு வருஷம் வாரன்டி கீதுக்கா."

"அந்தக் காயிதம் என்னத் தூக்கிக்கினு போயி பஸ்ஸுல ஏத்துமா?"

மறுப்புரையைக் கைவிட்டேன். ஆனால் ஒரு வழி இருந்தது. "வாங்குறதுக்கு முன்னாடியே போன் போட்டு, கயித்த இழுத்துப் பாத்துடலாம்க்கா" என்றேன். இந்த யோசனை என்னுடையது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மறுநாள் காலை அம்மாவின் போனை ஸ்பீக்கரில் போட்டு, முதலில் வெளிமாநில நிறுவனத்தை அழைத்தேன். பேசிய பெண்ணின் தமிழ் உச்சரிப்பைக் கேட்டு, இவர் மேடையேறலாம் என்று நினைத்தேன். மழையில் மோட்டார் நின்றால் என்ன செய்வது என்று கேட்டேன். பழுதான பாகத்தைப் பார்சலில் அனுப்பினால், சோதித்துவிட்டுப் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிப்போம் என்றார், தேனாக.

அடுத்து பூந்தமல்லி.

"ஐயா, வணக்கம். தங்கள் சேவை குறித்து மூன்று வினாக்களை…"

"தம்பி, கடையில ஆள் நிக்கறாங்க. சக்கரம் இன்னா சைசு?"

எனக்குத் தெரியவில்லை.

"தெரிலயா? பாத்துட்டு போன் போடு." வைத்துவிட்டார்.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் தையல் டேப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா, "டயரு மேலயே எழுதிக்கீதுடா, மேடைப் புலி!" என்றாள். ஆம், எழுதியிருந்தது.

மீண்டும் அழைத்தேன். இம்முறை வினாக்களெல்லாம் அவருடையவை. பிரேக் எப்படி? ஓட்டுவது யார்? எந்தக் காலில் அடி? சொல்லி முடித்ததும், "கேரியர்ல பேட்டரி வாணாம்பா. நிறுத்தும்போது வண்டி சாஞ்சா அந்தக் காலு தாங்காது. கீழ சட்டத்துல கட்டித் தரேன்" என்றார்.

"வழியில நின்னுட்டா?" என்று அக்கா குரல் கொடுத்தாள்.

"நின்னா கூப்புடும்மா. அஞ்சு மணிக்கே எழுந்துருவேன்."

போனை வைத்ததும் நேற்று நின்ற அதே இடத்தில் போய் நின்றேன். "நேற்று நான் பேசியது பிழை. மோட்டாருக்கு மட்டும் விலை கேட்டேன், அது நிற்கும் நாளுக்கும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்" என்று மேடைக் குரலிலேயே அறிவித்தேன்.

"தோத்துட்டியாடா?" என்றாள் அம்மா.

"கட்சி மாறிட்டாம்மா" என்றாள் அக்கா.

பூந்தமல்லியிலேயே வாங்கினோம். மறுவாரம் அவள் மீண்டும் பஸ் ஏறினாள். சில மாதம் கழித்து, நல்ல மழையில், மெயின் ரோட்டுக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது மோட்டார் நின்றது. அவள் வீட்டுக்கு அழைக்கவில்லை, கடைக்காரரை அழைத்தாள். பிரேக் பிடி முழுக்கத் திரும்பியிருக்கிறதா பார், அது பாதியில் ஒட்டிக்கொண்டால், பிரேக் பிடித்திருப்பதாகவே கணக்கு, மோட்டார் ஓடாது என்றாராம் அவர். சேறு சிக்கியிருந்தது. விரலால் தள்ளிவிட்டதும் சக்கரம் சுழன்றது. இதையெல்லாம் அன்று மாலை, ஷூவைக் கழற்றியபடி, யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"தம்பியா? காலைல அந்தப் பொண்ணுக்கு பஸ்ஸு கெடச்சுதா?"

"கெடச்சுது ஐயா. நேரத்துக்கே."

"அப்ப சரி" என்றார். அதற்குள் கடையில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.