கோயில் தெருவிலும் போடுகிற செருப்பு

1. நைலான் நூல்

"சொன்னா கேக்கற ஜனம் இல்லம்மா இது. உன் வாயை வீணாக்காத."

திண்டிவனத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று டாக்டர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். அவர் சொன்ன ஜனத்தில் என் அம்மாவும் அப்பாவும் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. அம்மா களை எடுப்பவர், அப்பா செங்கல் சூளையில் வேலை செய்பவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். டிகிரி வாங்கியிருக்கிறேன். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். அன்று மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சர்க்கரை நோயாளிகளை வீட்டிலேயே போய்ப் பார்ப்பது என் வேலை. மாத்திரை கொடுப்பேன், குளுக்கோமீட்டரில் சுகர் பார்ப்பேன், காலைச் சோதிப்பேன். மாதம் ஒரு கேம்ப் நடக்கும். கால் சோதிக்க எங்களிடம் ஒரு நைலான் நூல் உண்டு, பேனா போன்ற பிடியில் செருகியது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நூல் வளையும்வரை உள்ளங்காலில் அழுத்த வேண்டும். பட்டது தெரியவில்லை என்றால், அந்தக் காலுக்கு முள்ளும் தெரியாது, நெருப்பும் தெரியாது.

கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு ஊரின் காலனியில் கன்னியம்மாவுக்கு அந்தச் சோதனை செய்தேன். நடவு, களை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குவது என்று கூலிக்குப் போகிறவர். புருஷன் இல்லை, தனி ஆள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"குத்தறதுன்னா குத்தேன் மாத்திரப் பொண்ணு. எவ்ளோ நேரம் கண்ணை மூடிக்கினு உக்காந்திருக்கறது?"

நான் அதற்குள் இரண்டு காலிலும் குத்தி முடித்து, நூலைப் பெட்டியில் வைத்திருந்தேன்.

2. தேயாத செருப்பு

கன்னியம்மாவின் வலது பெருவிரலுக்கு அடியில் ஒரு புண் இருந்தது. எலும்பைத் தொட்டுவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், அதையும் தாண்டினால் பாதமே போகும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டுக் கன்னியம்மா அழவில்லை. கால் இல்லாதவளை யார் நடவுக்குக் கூப்பிடுவார்கள் என்று மட்டும் கேட்டார்.

எம்.சி.ஆர். செருப்பு என்று ஒன்று இருக்கிறது. உணர்ச்சி இல்லாத கால்களுக்கென்றே மெத்தென்ற ரப்பரில் செய்வது. எழுதிப் போட்டு, திரும்பத் திரும்பக் கேட்டு, அதை அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். சேற்று வேலைக்குப் புண் ஆறும்வரை போகக்கூடாது என்றேன். அவரும் போகவில்லை. நானே டிரஸ்ஸிங் செய்தேன். புண் சுருங்கி வந்தது.

பிறகு கேம்ப் வந்தது. அதற்கடுத்த வாரம் போய்ப் பார்த்தால் புண்ணைச் சுற்றிக் கொப்புளம். மறுபடி ஆற்றினோம். அடுத்த கேம்ப் முடிந்ததும் மறுபடி கொப்புளம்.

டாக்டர் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகம் அதிகம் தேயவே இல்லை.

"பாத்தியா? குடுத்ததைப் போடறதே இல்ல. இவங்களுக்குப் போய் நீ அலையற."

வீட்டிலும் கொல்லையிலும் போடுவதாகக் கன்னியம்மா சொன்னார். அது உண்மைதான், என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அப்படியானால் கொப்புளம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றி, டீ குடிக்கிறாயா என்றார்.

3. தெரு முனை

கேம்ப் நடப்பது ஊருக்குள் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில். ஊர்ப் பெரியவர் ஒருவர் வாடகை இல்லாமல் கொடுப்பது. காலனியிலிருந்து அங்கே போக கோயில் தெரு ஒன்றுதான் வழி. முழுக்க சிமென்ட் ரோடு. கேம்பில் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் எடுப்போம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நோயாளிகள் உச்சி வெயிலில் திரும்பவும் வர வேண்டும்.

அது சித்திரை மாதம். சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் தீர்ந்துபோய், எடுத்து வரப் போயிருந்த நான் ஸ்கூட்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். காலனிப் பெண்கள் கும்பலாகத் தெரு முனைக்கு வந்தார்கள். சின்ன வயதுப் பெண்கள் செருப்போடு பேசிக்கொண்டே போய்விட்டார்கள். வயதானவர்கள் நின்றார்கள். கன்னியம்மா குனிந்தார். எம்.சி.ஆர். செருப்பைக் கழற்றி, மஞ்சள் பையில் போட்டு, இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

கூட இருந்தவர்கள் சூடு தாங்காமல் குதிகாலை ஊன்றி, ஓரத்து நிழலுக்கு ஓடினார்கள். கன்னியம்மா நடுத்தெருவில் நிதானமாகப் போனார். அந்த நடையை என்னால் மறக்க முடியாது. நெருப்பு மேல் ஒருவர் சாவகாசமாக நடந்துபோகிறார், அவருக்கு அது தெரியவில்லை.

வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"அத்தே, எதுக்குக் கழட்டுன?"

"மெதுவா பேசுடி. தெருவுல எல்லாம் உக்காந்துக்கினு இருக்காங்க."

"யாரு கழட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லமாட்டாங்க. பாத்துக்கினு கம்முனு இருப்பாங்க. நாளைக்கு நடவுக்கு ஆள் வுடும்போது என் வூட்டுக்கு மட்டும் சேதி வராது. உனக்கு மாசம் பொறந்தா சம்பளம், உனக்கு இன்னா தெரியும்?"

எனக்குத் தெரியாதா? எங்கள் ஊரில் என் அப்பா இன்றைக்கும் அப்படியொரு தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறார். நான் நிமிர்ந்து ஸ்கூட்டியில் போகிறேன் என்பதற்காக அது ஒழிந்துவிடவில்லை. கன்னியம்மாவின் காலைக் காப்பாற்ற என்று நாங்கள் வைத்த கேம்ப்தான் அந்தக் காலை மாதாமாதம் வேகவைத்திருக்கிறது.

4. ஃபேன் யாருக்கு

அடுத்த கேம்பைக் காலனி அங்கன்வாடியில் வைக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, மகளிடம் பேசுவது போலப் பதமாக ஆரம்பித்தார். இதெல்லாம் பெரிய விஷயம், நம் வேலை சுகர் பார்ப்பது, ஊரைப் பகைத்துக்கொண்டு திட்டம் நடத்த முடியாது என்றார். நான் அசையவில்லை. பதம் போய்விட்டது.

"நீ வேலை பாக்க வந்தியா, பிரச்சினை பண்ண வந்தியா? மண்டபம் சும்மா குடுக்கறாங்க. டேபிள் இருக்கு, ஃபேன் இருக்கு."

"ஃபேன் உங்களுக்கு சார். ரோடு எங்களுக்கு."

'எங்களுக்கு' என்றதும் தலை நிமிர்ந்து பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அனுமதி வரவில்லை. கேம்ப் அன்று நான் மண்டபத்துக்குப் போகவில்லை. அங்கன்வாடி வாசலில் குளுக்கோமீட்டரோடு உட்கார்ந்தேன். வேலை போனால் போகட்டும் என்ற கோபம். காலனி ஆட்கள் யாரும் மண்டபத்துக்குப் போகவில்லை, என்னிடமே வந்தார்கள். சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கு மேல் காலனிதான். காலியான நாற்காலிகளுக்கு ஃபேன் ஓடியிருக்கும். வெயில் ஏறியபின் ஜீப் காலனிக்குள் வந்தது. டாக்டர் இறங்கி, நான் விரித்திருந்த பாய் மேல் பையை வைத்தார். மெமோ அப்புறம் வந்தது. அதை அம்மாவிடம் காட்டினேன். படிக்கத் தெரியாதவர், இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். கேம்ப் இனிமேல் காலனியில்தான் என்று போட்டிருக்கிறது என்றேன். அது உண்மையும் ஆனது.

ஆனால் கன்னியம்மாவின் விரலுக்கு அது தாமதமாகிவிட்டது. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் பெருவிரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

காயம் முழுதாக ஆறியபின், ரேஷன் கடைக்குப் போக வேண்டும், கூட வா என்று கூப்பிட்டார். ரேஷன் கடையும் ஊருக்குள்தான். தெரு முனையில் நான் நின்றேன். அவர் நிற்கவில்லை. எம்.சி.ஆர். செருப்போடு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து கோயில் தெருவுக்குள் நடந்தார். மளிகைக் கடை வாசலில் மண்டபத்துக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"என்ன கன்னியம்மா, செருப்பு புதுசா?"

"வெரலைக் குடுத்து வாங்குனதுங்க. கழட்ட முடியாது."

அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். நாங்கள் அரிசி வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்பினோம்.

அந்த ஆண்டு கன்னியம்மா வீட்டுக்கு நடவுக்குச் சேதி வரவில்லை. வந்திருந்தாலும் சேற்றில் இறங்கும் கால் அல்ல அது. இப்போது வீட்டு வாசலில் கேப்பை அடை சுட்டு விற்கிறார். எனக்குக் கோபம் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன். நோயாளி சொன்னபடி கேட்கவில்லை என்று எழுதுவதற்கு முன்னால், அவர் வீட்டிலிருந்து உங்கள் கேம்ப் வரைக்கும் அவரோடு ஒரு தடவை நடந்து வாருங்கள். செருப்பு கொடுத்தால் மட்டும் போதாது, அதைப் போட்டுக்கொண்டு அவர் எந்தத் தெரு வரை போக முடிகிறது என்று பாருங்கள். அவர் குனிகிற இடத்தில் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது.