நிற்காத சிவப்பு வண்டி

மருமகனின் புதுக் கார்ச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கிய வாசத்தில், நான்குவழிச் சாலை விழுங்கிவிட்ட தொப்பூர் கணவாய் முனியப்பன் மேடை கண்முன் வந்தது. அந்த ஏற்றத்தில் அம்பாசிடர்கள் சாதுவாக நின்று, கற்பூரம் காட்டியதும் முனகிக்கொண்டே கிளம்பும். அப்பா பழசாக வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரோ வளைவில் பாம்பாகத் திரும்பும், ஆனால் ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி ஏறாது. அதனால் அம்மா என்னை மடியில் இடுக்கிக்கொண்டு, ஓடும் வண்டியிலிருந்தே கும்பிடுவாள்.

"சாமிக்கே நிக்காத வண்டி உருப்படுமாய்யா?" என்று பூசாரி கத்துவார்.

"ஓடற வண்டியும் சாமி கண்ணுக்குத் தெரியுமுங்க!" என்பார் அப்பா.

பக்தியில்லாத குடும்பம் என்று ஊரே பேசியது. பேசட்டும். நின்று கும்பிட்டவர்கள் எல்லாரும் எங்கள் வண்டியைத்தான் பார்த்தார்கள். முனியப்பனைப் பார்த்தது என் அம்மா மட்டுந்தான்.