கிண்ணத்தில் குடிக்காத துரை

சென்ற வாரம் மகளுக்கு மீன் தீனி வாங்க ஷார்ஜாவில் ஒரு செல்லப்பிராணிக் கடைக்குப் போயிருந்தேன். ஈரத் தென்னைநார் வாசனை மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. "அம்மா, கம் ஃபாஸ்ட்" என்று மகள் கையை இழுத்தாள். எனக்கோ பல வருடங்களுக்கு முன் புஜைரா ரூமில் துரை இருந்த, தென்னைநார் பரப்பிய கண்ணாடிப் பெட்டி நினைவுக்கு வந்துவிட்டது.

துரை என்றால் ஆளில்லை, அனோல். விரல் நீள உடம்பும் அதைவிட நீண்ட வாலும் கொண்ட பச்சைப் பல்லி. அமெரிக்கப் பக்கத்து மரங்களில் வாழும் இனம். கோபம் வந்தால் கழுத்தடியில் ரோஜா நிற விசிறி ஒன்றை விரித்து மூடும். அங்கே அதைப் பார்த்து இன்னொரு ஆண் விலகிப் போகுமாம். எங்கள் ரூமில் துரை விசிறி விரித்தது என் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துத்தான்.

வளர்த்தவர் தயாளினி அக்கா. திருகோணமலைக்காரர், ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். நான் கப்பல் ஏஜென்சி ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். இருவருக்கும் ஒரே ரூம். பல்லி விழுந்தால் என்ன பலன் என்று காலண்டரைப் புரட்டும் வீட்டில் வளர்ந்தவள் நான். முதல் மாதம் போர்வையைத் தலைவரை மூடித்தான் தூங்கினேன்.

அக்காவின் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததென்று போன் வந்தது. அக்கா ஒரு மாத லீவில் ஊருக்குக் கிளம்பினார்.

"துரையைப் பாத்துக்கொள்ளும். பூச்சி இந்த டப்பாவுக்குள்ள இருக்கு."

"கடிக்குமாக்கா?"

"உம்மைக் கண்டா அவருக்குத்தான் பயம்."

கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தேன். நான்காம் நாள் துரை மண் நிறமாகிவிட்டது. தோல் சுருங்கி, கண் உள்ளே போயிருந்தது. பதறிப்போய் அக்காவை அழைத்தேன்.

"ஐயோ, நான் சொல்லேல்லையே? அவர் மரத்தில இருக்கிற ஆள், கிண்ணத்தில குடிக்கமாட்டார். இலையில தண்ணி தெளிச்சுவிடும், நக்கிக் குடிப்பார்."

துணிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலை எடுத்து பெட்டிக்குள் இருந்த செடியின் இலைகளில் அடித்தேன். வெகுநேரம் அசைவில்லை. பிறகு சிறிய நாக்கு ஒன்று வெளியே வந்தது. இலையில் ஒரு துளி காணாமல் போனது. இன்னொன்று. நான் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று டியூட்டிக்கு லேட்.

ஒரு மாதம் மூன்றானது. "அம்மாவை விட்டிட்டு இனி வர ஏலாது" என்றார் அக்கா. அவருடைய சாமான்களை கார்கோவில் அனுப்பினேன். துரை என்னோடு தங்கியது. அதன் பிறகு எங்கள் பேச்செல்லாம் துரைதான். வாரம் ஒரு படம் அனுப்புவேன்; நிறம் சரியில்லை, இன்னும் தண்ணி தெளிச்சுவிடும் என்பார். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டால் "இருக்கிறா" என்று முடித்துக்கொள்வார்.

மூன்றாம் வருடம் ஒரு காலையில் துரை பெட்டியின் தரையில் விறைத்துக் கிடந்தது. அதை அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. "நல்லாருக்கான்க்கா" என்றே இரண்டு மாதம் ஓட்டினேன். பிறகு பொறுக்காமல் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "படம் அனுப்புறதை நிப்பாட்டினீர்தானே."

பிறகு அவரே சொன்னார்.

"அம்மாவும் போயிட்டா. நாலு மாசமாச்சு. உமக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்ல."

பிறகு ஒன்றிரண்டு முறை பேசினோம். விசாரிக்க இரண்டு பக்கமும் யாருமில்லாததால் பேச்சு சீக்கிரம் முடிந்துபோனது. போன வருடம் அந்த எண்ணை அழைத்தேன். யாரோ ஓர் ஆண் சிங்களத்தில் பேசினார். மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன்.